முதலில் ஓடுவது தோற்கும்

ரேஸ்கோர்ஸ், கோயமுத்தூர்
24.8.2025

அந்தியூர் சம்பந்தி குமாரசாமி அவர்களுக்கு,

நலம். உங்கள் வீட்டில் அனைவருடைய நலத்தையும் முறைப்படி விசாரிக்கிறேன். குருநாதசாமி பண்டிகைக்கு நீங்கள் அனுப்பிய பேரீச்சம்பழமும் பொரியும் வந்து சேர்ந்தன. எங்கள் தோட்டக்காரர் வீட்டில் குழந்தைகள் இருப்பதால் வீணாகவில்லை.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் எதைச் சொன்னாலும் நீங்கள் "சரிங்க, சரிங்க" என்கிறீர்கள். பிறகு ஒன்றும் நடப்பதில்லை. எழுதிக் கேட்டால் எழுத்தில் பதில் வந்தாக வேண்டும் என்று நான் படித்த கான்வென்ட்டில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

கல்யாணமான முதல் ஆடிக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது முறை. ஆவணி பிறந்ததும் திருப்பி அனுப்புவதும் முறை. இங்கே விசாரிப்பவர்களிடம் ரித்திகாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லி வைத்திருக்கிறேன். காய்ச்சலுக்கும் ஓர் அளவு உண்டு.

போகிறபோது அவள் என் மகனுக்கு என்ன செய்துவிட்டுப் போனாள் என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். உங்கள் தீவனக் கடையில் இதெல்லாம் பேச்சில் வராது. எனவே விளக்குகிறேன். மில் கணக்குகளைச் சேமித்து வைக்கும் மென்பொருள் ஒன்றைக் கிருபாசங்கரின் கம்பெனி செய்திருக்கிறது. சந்தையில் இருக்கும் பழைய மென்பொருளைவிட அது மூன்றில் ஒரு பங்கு வேகம் கூடியது என்பது அவர்கள் விளம்பரம். அந்த வேகத்தை அளந்து சொன்னது ஓர் ஒப்பீட்டுக் கருவி. இரண்டு மென்பொருள்களைக் கொடுத்தால் இரண்டையும் பலமுறை ஓட்டிப் பார்த்து எது வேகம் என்று சொல்லும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். அதைப் பராமரிக்கும் வேலையைச் சம்பளமில்லாமல் தலையில் ஏற்றிக்கொண்டிருப்பவள் உங்கள் மகள்.

ஆடி மாதம் அவள் அந்தக் கருவியில் ஏதோ திருத்தம் செய்து வெளியிட்டாள். இப்போது அதே கருவி, என் மகனுடைய மென்பொருளுக்கும் பழையதற்கும் வித்தியாசமே தெரியவில்லை என்கிறது. மும்பையிலிருந்து ஒரு பெரிய கம்பெனி கார்த்திகையில் அவனோடு கூட்டுச் சேரக் கையெழுத்திடப் போகிறது. அது கெட்டால் அவனுடைய ஆறு வருட உழைப்பு போயிற்று.

திருத்தத்தை வாபஸ் வாங்கச் சொல்லுங்கள். பிறகு அவளை அனுப்பி வையுங்கள். வரிசை மாற வேண்டாம்.

இப்படிக்கு,
கமலவேணி

அந்தியூர்
31.8.2025

மரியாதைக்குரிய சம்பந்தி அம்மாளுக்கு, குமாரசாமி வணக்கமுங்க.

இங்கே எல்லோரும் சுகம். என் வீட்டுக்காரி சின்னாத்தாளுக்கு மட்டும் மூட்டுவலி. தங்கள் சர்க்கரை இப்போது எப்படி இருக்கிறதுங்க? பொரி குழந்தைகளுக்குப் பயன்பட்டதில் எங்களுக்கு ரொம்பச் சந்தோஷம்.

தங்கள் கடிதம் வந்த அன்று சாயங்காலமே ரித்திகாவிடம் கேட்டேனுங்க. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"அம்மணி, அந்தத் திருத்தத்தை மூணு மாசத்துக்குத் திருப்பி வாங்கிக்க முடியுமா?"

"முடியுமுங்கப்பா. ரெண்டு நிமிச வேலை."

"அப்பச் செஞ்சுபோடு கண்ணு."

"செய்யமாட்டனுங்கப்பா."

அதற்குமேல் அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நானும் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். மறுபடியும் பக்குவமாகச் சொல்லிப் பார்க்கிறேனுங்க. பொண்ணு புகுந்த வீட்டில் இல்லாமல் இங்கே இருப்பது எங்களுக்கும் பெருமை இல்லை. தாங்கள் மனசில் எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

தங்கள்,
அ. குமாரசாமி

ரேஸ்கோர்ஸ், கோயமுத்தூர்
6.9.2025

சம்பந்தி அவர்களுக்கு,

நலம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறது. என் வீட்டில் எல்லாமே கட்டுப்பாட்டில்தான் இருந்தது. உங்கள் துணைவியாருக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம்.

பெற்ற மகளிடம் ஒரு வேலையைச் சொல்லி, அவள் மாட்டேன் என்றதும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனேன் என்று எழுத உங்களுக்குக் கூச்சமாக இல்லை. படிக்கும் எனக்கு இருந்தது.

இது புதிதல்ல. இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் சாப்பாட்டறைக் கடிகாரம் ஏழு நிமிடம் முன்னால் ஓடுகிறது என்று கண்டுபிடித்தாள். அது முன்னால்தான் ஓடும். மில்லுக்குத் தாமதமாகக் கூடாது என்று என் கணவர் அப்படி வைத்திருந்தார். அவர் போய் ஒன்பது வருடமாகிறது. அதை யாரும் தொட்டதில்லை. அவள் சரிசெய்துவிட்டு வந்து, "அத்தை, கடிகாரம் தப்பா இருந்துச்சுங்க, திருத்திட்டேன்" என்றாள். கேட்டுவிட்டுத் திருத்தவில்லை. திருத்திவிட்டுச் சொன்னாள். நீங்கள் ஒரு பெண்ணை வளர்த்தீர்களா, தணிக்கை அதிகாரியை வளர்த்தீர்களா என்று அன்றைக்கே நினைத்தேன்.

ஒரு மனைவிக்குக் கணவனுடைய கம்பெனியைவிட ஊர்பேர் தெரியாதவர்கள் பயன்படுத்தும் ஓர் இலவசக் கருவி முக்கியமாகிவிட்டது. இதற்குப் பெயர் படிப்பு என்றால், அந்தப் படிப்பை நான் பார்த்ததில்லை.

பக்குவம் போதும். உத்தரவாகச் சொல்லுங்கள்.

கமலவேணி

அந்தியூர்
29.9.2025

மரியாதைக்குரிய சம்பந்தி அம்மாளுக்கு வணக்கமுங்க.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மன்னிக்க வேண்டும். ஒத்தடத்தில் சின்னாத்தாளுக்கு வலி குறைந்திருக்கிறதுங்க. தாங்கள் சொன்னதாகச் சொன்னேன், கும்பிட்டாள்.

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே நாள் போய்விட்டது. ரித்திகாவிடம் உத்தரவாகவே சொன்னேன். அவள் கோபப்படவில்லை. உட்கார வைத்து எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். அந்தக் கருவியில் ஆரம்பத்திலிருந்தே ஒரு கோளாறு இருந்திருக்கிறதுங்க. அது ஒவ்வொரு சுற்றிலும் கணினியின் நினைவைக் காலி செய்துவிட்டு, எப்போதும் பழைய மென்பொருளை முதலில் ஓட்டும், புதியதைப் பின்னால் ஓட்டும். முதலில் ஓடுவதுதான் தரவையெல்லாம் சேமிப்பு வட்டிலிருந்து மெதுவாக எடுத்து வர வேண்டும். இரண்டாவதாக ஓடுவதற்கு எல்லாம் ஏற்கெனவே கணினியின் நினைவில் தயாராக இருக்கும். "முதல்ல வாரவன் பூட்டைத் திறந்து கதவைத் தள்ளோணுமுங்கப்பா. பின்னால வாரவன் சும்மா நுழைஞ்சுக்குவான். அவன்தான் வேகம்னு எப்படிங்க சொல்றது?" என்றாள். இப்போது மாற்றி மாற்றி ஓட்டும்படி செய்திருக்கிறாள்.

இதை எப்படிக் கண்டுபிடித்தாள் என்று கேட்டேன். ஒரே மென்பொருளைப் பழையது என்று ஒரு பேரிலும் புதியது என்று இன்னொரு பேரிலும் கொடுத்து ஓட்டினாளாம். தன்னைவிடத் தானே வேகம் என்று கருவி சொன்னதாம்.

இன்னொன்று. எழுதக் கையே வரவில்லைங்க. இதை அவள் மாப்பிள்ளையிடம் வைகாசியிலேயே காட்டியிருக்கிறாள். அவர் கையெழுத்தாகட்டும், பிறகு வெளியிடலாம் என்றிருக்கிறார். இவள் ஆடி வரை பொறுத்திருக்கிறாள். அதற்குள் புது விளம்பரத்தில் அதே கணக்கை மறுபடியும் போட்டுவிட்டார்களாம். நான் சொல்வதைத் தாங்கள் நம்ப வேண்டாமுங்க. மாப்பிள்ளையையே ஒரு வார்த்தை கேளுங்கள்.

தங்கள்,
அ. குமாரசாமி

ரேஸ்கோர்ஸ், கோயமுத்தூர்
5.10.2025

சம்பந்தி அவர்களுக்கு,

நலம். உங்கள் வீட்டிலும் அவ்வாறே என்று எடுத்துக்கொள்கிறேன்.

என் மகனை என்ன கேட்பது, எப்போது கேட்பது என்பதை மூட்டை மூட்டையாகப் புண்ணாக்கு விற்கும் இடத்திலிருந்து யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிருபாசங்கர் பொய் சொல்லி வளர்ந்தவன் அல்ல. ஒரு பெண் தன் பிடிவாதத்துக்குக் காரணம் தேடினால் பூட்டும் கதவுமாக அழகான கதைகள் கிடைக்கும்.

அந்தக் கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று உங்கள் மகள் ஏதோ குறிப்பு எழுதி வைத்திருப்பாள். அதை அச்செடுத்து அனுப்பச் சொல்லுங்கள். திருத்தத்துக்கு முந்தைய கருவி, பிந்தைய கருவி இரண்டும் எங்கே கிடைக்கும் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். எங்கள் ஆடிட்டர் கேட்கிறார்.

கமலவேணி

அந்தியூர்
10.10.2025

மரியாதைக்குரிய சம்பந்தி அம்மாளுக்கு வணக்கமுங்க.

சுகம். தாங்கள் கேட்டதை ரித்திகாவே அச்செடுத்துக் கொடுத்தாள். இதோடு வைத்திருக்கிறேன். ஆடிட்டருக்கு ஏதாவது புரியவில்லை என்றால் கேட்கச் சொன்னாள். "ஆடிட்டருக்கு" என்று சொல்லும்போது கொஞ்சம் சிரித்தாளுங்க. எனக்குக் காரணம் தெரியவில்லை.

மாப்பிள்ளை நேற்றுக் கூப்பிட்டிருந்தார். "மாமா, எதுக்குங்க வீணாப் பேச்சு? அதை எடுத்துப்போடச் சொல்லுங்க, எல்லாம் சரியாப் போயிரும்" என்றார். நான் "சரிங்க மாப்பிள்ளை" என்றேன். வேறென்ன சொல்வதுங்க?

இருபதாம் தேதி தலை தீபாவளி. வேட்டி சட்டை எடுத்து வைத்திருக்கிறோம். மாப்பிள்ளையை அவசியம் அனுப்பி வைக்க வேண்டும். தாங்களும் வந்தால் எங்கள் பாக்கியம்.

தங்கள்,
அ. குமாரசாமி

ரேஸ்கோர்ஸ், கோயமுத்தூர்
3.11.2025

சம்பந்தி அவர்களுக்கு,

நலம். மழையினால் தபால் தாமதமாகலாம்.

உங்கள் மகள் எழுதிய பயன்பாட்டுக் குறிப்பைப் படித்தேன். ஆங்கிலம் என்று நினைத்துக்கொண்டு எழுதப்பட்டிருக்கிறது. டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்து, இருபது வருடம் மில் அலுவலகக் கடிதங்களை நான்தான் பார்த்தேன். இப்படி ஒரு தாள் என் மேசைக்கு வந்திருந்தால் எழுதியவரை அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். மூன்றாம் படிக்கு முன்னால் செய்ய வேண்டியதை ஐந்தாம் படியில் சொல்கிறாள். இதனால் ஒருவருக்கு முழுதாக இரண்டு நாள் வீணாகும்.

பதினொரு பிழைகளைக் குறித்து இதோடு இணைத்திருக்கிறேன். இரண்டை மட்டும் இங்கே சொல்கிறேன். கருவி "வித்தியாசம் தெரியவில்லை" என்றால் இரண்டும் சமம் என்று பொருள் என எழுதியிருக்கிறாள். தேடிக் கிடைக்கவில்லை என்பதும் இல்லவே இல்லை என்பதும் ஒன்றா? இது நான்காவது. ஒன்பதாவது, "சந்தேகம் இருந்தால் மேலும் சிலமுறை ஓட்டிப் பாருங்கள்" என்கிறாள். இதை நீக்க வேண்டும். தனக்குப் பிடித்த பதில் வரும் வரை ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு இது நல்ல வசதி.

கருவி என்ன சொன்னது என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் எழுதவில்லை.

நீங்கள் கிருபாசங்கரிடம் "சரிங்க" என்றதை அவன் மும்பைக்கு எழுதிவிட்டான். பெண்ணின் தகப்பனாரே ஒப்புக்கொண்டார், திருத்தம் வாபஸாகிறது என்று. அவர்கள் 16-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மதியம் இங்கே சாப்பிட வருகிறார்கள்.

கமலவேணி

அந்தியூர்
8.11.2025

மரியாதைக்குரிய சம்பந்தி அம்மாளுக்கு,

தங்கள் கடிதம் கண்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லைங்க. நான் சரிங்க என்றது, மாப்பிள்ளை சொன்னதைக் கேட்டுக்கொண்டேன் என்ற அர்த்தத்தில்தானுங்க. நம்ம ஊரில் மூஞ்சியைப் பார்த்து மாட்டேன் என்று யார்தான் சொல்கிறார்கள்? கடைக்கு வந்து கடன் கேட்கிறவனுக்கும் சரிங்க என்றுதான் சொல்லி அனுப்புகிறேன். மாப்பிள்ளைக்கு இது தெரியாதா?

ரித்திகாவிடம் சொன்னேன். ஆகாதென்றால் ஆகாதென்று சொல்லப் பழகுங்கப்பா என்றாள். அந்த வயது எனக்குப் போய்விட்டதுங்க.

தீபாவளியன்று வேட்டியை மடித்து வைத்துவிட்டு, பத்து மணி வரைக்கும் எண்ணெய் வைக்காமல் காத்திருந்தோம். அவர் வரவில்லை. கூப்பிடவும் இல்லை. இதைக் குறையாக எழுதவில்லை. தாங்கள் கேட்காததால் தெரிவித்தேன்.

வந்தவர்கள் முன்னால் தங்களுக்குத் தலைகுனிவு வரக்கூடாது. நான் வேண்டுமானால் நேரில் வந்து, தப்பு என் பேரில்தான் என்று அவர்களிடம் சொல்லிவிட்டுப் போகிறேனுங்க.

தங்கள்,
அ. குமாரசாமி

ரேஸ்கோர்ஸ், கோயமுத்தூர்
20.11.2025

சம்பந்தி அவர்களுக்கு,

நலம். நீங்கள் வராமல் இருந்தது நல்லது. வந்திருந்தால் மும்பைக்காரரிடமும் சரிங்க என்றிருப்பீர்கள்.

இருவர் வந்தார்கள். ஒரு பெரியவர், அவருக்குக் கணக்குப் பார்க்கும் ஓர் அம்மாள். நன்றாகச் சாப்பிட்டார்கள். பாயசம் பரிமாறும்போது பெரியவர், "அந்தக் கருவியைப் பராமரிப்பவர் உங்கள் மருமகளாமே! நீதிபதியை வீட்டிலேயே வைத்திருக்கிறீர்கள்" என்று சிரித்தார். கிருபாசங்கரும் சிரித்தான். அதில் ஒரு சின்னத் தவறு நேர்ந்துவிட்டது, இந்த மாதத்துக்குள் அதை அவளே நீக்கிவிடுவாள் என்றான். என் மேசையில், என் முகத்துக்கு எதிரே.

நான் பெரியவரிடம், "உங்கள் ஆட்கள் இந்த மென்பொருளை அதனோடேயே ஒப்பிட்டுப் பார்த்தார்களா?" என்று கேட்டேன்.

அவருக்குப் புரியவில்லை. கிருபாசங்கருக்குப் புரிந்தது.

"அம்மா, உங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்? பாயசம் ஆறுது."

"ஆறட்டும். என் அறையில் மடிக்கணினி இருக்கிறது, எடுத்து வா."

"ஏனுங்கம்மா, விளையாடறீங்களா?"

"எடுத்து வரச் சொன்னேன்."

அவன் எழுந்திருக்கவில்லை. நானே போய் எடுத்து வந்தேன். அவன் கம்பெனி மாதிரிக்காக இலவசமாகக் கொடுக்கும் பிரதியை இரண்டு பெயர்களில் வைத்து, பழைய கருவியில் ஓட்டினேன். தன்னைவிடத் தானே மூன்றில் ஒரு பங்கு வேகம் என்று வந்தது. அந்த அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். பிறகு திருத்திய கருவியில் ஓட்டினேன். வித்தியாசம் தெரியவில்லை என்று வந்தது. பெரியவர் பாயசத்தைத் தொடாமல் எழுந்து கை கழுவினார். அவர்கள் கையெழுத்துப் போடப்போவதில்லை என்று நேற்று எழுதிவிட்டார்கள்.

அவர்கள் போன பிறகு கிருபாசங்கர், "பெத்த பையனையே கவுத்துப்போட்டீங்களேம்மா" என்றான். வைகாசியில் உனக்குத் தெரியுமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன். கார் சாவியை எடுத்துக்கொண்டு போனான். இப்போது சரவணம்பட்டியில் ஒரு பிளாட்டில் இருப்பதாகக் கேள்வி.

இதை உங்கள் மகளுக்காகச் செய்ததாக நினைத்துக்கொள்ள வேண்டாம். என் வீட்டில் விருந்தாளிக்குப் பொய் பரிமாறும் வழக்கம் இல்லை. அவ்வளவுதான். அவள் இனி இங்கே வரத் தடையொன்றும் இல்லை என்பதை அவளிடம் சொல்லலாம்.

கமலவேணி

அந்தியூர்
14.12.2025

அத்தைக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். அப்பா எழுதுவதாகச் சொன்னார். மூன்று வாரமாக மூன்று வரிக்கு மேல் போகவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

நான் திரும்பி வரப்போவதில்லை. உங்கள் மேசையில் நடந்ததை அப்பா படித்துக் காட்டினார். அதைக் கேட்டும் என் முடிவு மாறவில்லை. கோளாறைக் காட்டிய அன்று உங்கள் மகன் என்னிடம், "இதை வேற யாரு பாத்தாங்க?" என்று கேட்டார். சரியா தவறா என்று கேட்கவில்லை. அந்த ஒரு கேள்விக்குப் பிறகு இரண்டு மாதம் அந்த வீட்டில் சாப்பிட்டேன். அதுவே அதிகம் என்று இப்போது தோன்றுகிறது.

நீங்கள் குறித்த பதினொன்றில் பத்தை ஏற்றுக்கொண்டு திருத்திவிட்டேன். நான்காவது என்னுடைய பெரிய தவறு. வெட்கமாக இருந்தது. ஒன்பதாவதை நீக்க மாட்டேன். எத்தனை முறை ஓட்டப்போகிறோம் என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு ஓட்டினால் அதில் ஏமாற்று இல்லை. அந்த நிபந்தனையைச் சேர்த்து எழுதியிருக்கிறேன். ஆனால் நீங்கள் சொன்னவிதம் ரொம்பக் கடுமை. முதல்முறை பயன்படுத்தும் ஒருவருக்கு நம்பிக்கை போய்விடும்.

கருவிக்கு உதவியவர்களின் பெயர்களைக் கடைசிப் பக்கத்தில் போடுவது வழக்கம். உங்களைக் கேட்காமல் போடவில்லை. போடலாமா?

ரித்திகா

ரேஸ்கோர்ஸ், கோயமுத்தூர்
20.12.2025

ரித்திகாவுக்கு,

நலம். அந்தியூரில் பனி அதிகம் என்று செய்தியில் சொன்னார்கள். காதை மூடிக்கொண்டு உட்கார்.

முதல்முறை பயன்படுத்துபவரின் நம்பிக்கையைக் காப்பாற்றுவது உன் வேலை அல்ல. ஒன்பதாவதில் நீ சேர்த்த நிபந்தனை ஏற்கத்தக்கது. வாக்கியம் ஏற்கத்தக்கதல்ல, ஒரு மூச்சில் படிக்க முடியவில்லை. இரண்டாக உடை.

உன் புதிய கருவியில் நீயே ஒரு கோளாறைப் புகுத்தியிருக்கிறாய். என் கோப்புகளை "மில் கணக்கு" என்ற பெயரில் வைத்திருக்கிறேன். இரண்டு சொற்களுக்கு நடுவில் இடம் விட்டிருப்பதால் கருவி கோப்பைக் காணோம் என்று நின்றுவிடுகிறது. பழையது நிற்கவில்லை. உலகத்தில் எல்லோரும் பெயரைச் சேர்த்துத்தான் எழுதுவார்கள் என்று எண்ணினாயா? அவசரமில்லை. திங்கட்கிழமைக்குள் போதும்.

பெயரைப் போடலாம். இனிஷியலோடு போடு.

கிருபாசங்கர் உனக்கு அனுப்பிய வக்கீல் நோட்டீஸின் நகல் எனக்கும் வந்தது. மோசமான நடை. அதை விடு. மூன்றாம் பத்தியில், மும்பை ஒப்பந்தம் முறிந்ததற்கு நீதான் காரணம் என்று எழுதியிருக்கிறது. அது பொய். நவம்பர் பதினாறாம் தேதி மதியம் நீ அந்தியூரில் இருந்தாய். முறித்தவள் நான். பதில் அனுப்பும்போது அந்தப் பத்தியைத் திருத்தச் சொல்லி, என் முழுப் பெயரையும் விலாசத்தையும் உன் வக்கீலிடம் கொடு. யார் முன்னால் வேண்டுமானாலும் வந்து சொல்வேன். நான் செய்ததை உன் பெயரில் எழுதுவதற்கு என் மகனுக்கு நான் அனுமதி கொடுக்கவில்லை.

கமலவேணி